மூணு சக்கர வண்டி: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

(சென்ற மாதம் ஞாயிறு மாலை, நம் கம்யூனிட்டி ஹாலில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்னால் ஒரு காலை, பி பிளாக் ஸ்டில்ட்டில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் ஆளில்லாமல் நகர்ந்து போய் எதிரே நின்ற கார் கதவில் இடித்து நின்றது. அன்றும் மறுநாளும் நம் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு பேச்சே இல்லை. "அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் கிடையாதா?", "இவ்வளவு இடம் எதற்கு அடைக்கிறது?", "லிஃப்ட் பக்கத்தில் ஏன் நிறுத்த வேண்டும்?", "இதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா?" என்று வரிசையாகக் கேள்விகள். படிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன், இதில் ஒரு கேள்வியைக்கூட யாரும் என்னிடம் நேரில் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை. அதனால் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் குழந்தைகள் கேட்ட கேள்வி. "அங்கிள், நாலு சக்கரம் இருக்கு, ஏன் மூணு சக்கர வண்டின்னு சொல்றாங்க?" சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஸ்கூட்டரின் சொந்தச் சக்கரம் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் பொருத்திய சக்கரம் இரண்டு. ஆக நான்கு. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்துப் பழகிய ஊர், பெயரை அப்படியே இதற்கும் வைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மெக்கானிக் கடையில் 'சைடு வீல் வண்டி' என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்'. பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு அச்சு போட்டு இரண்டு சக்கரம் வைக்கும் வகையும் உண்டு. அது நிஜமாகவே மூன்று சக்கரம்.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பெரிய மூன்று சக்கர பைக்கும் இதுவும் ஒன்றா என்று ஏ பிளாக் கல்லூரிப் பையன் கேட்டான். இல்லை. 2006-இல் இத்தாலியில் பியாஜியோ கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு சக்கரம். திருப்பத்தில் அது சாதாரண ஸ்கூட்டர் போலவே சாயும். அடுத்த வருடம் கனடாவிலிருந்து வந்த கேன்-ஆம் ஸ்பைடருக்கும் முன்னால்தான் இரண்டு சக்கரம், ஆனால் அது சாயாது. நம் வண்டியும் சாயாது, அதோடு அகலமெல்லாம் பின்னால் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஓட்டுவதில் எல்லா வித்தியாசத்தையும் கொண்டுவருகிறது.

இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டீர்கள். திருப்பத்தில் நீங்கள் ஹேண்டில்பாரைத் திருப்புவது மிகக் குறைவு. உடம்பும் வண்டியும் உள்பக்கம் சாய்வதால்தான் வண்டி திரும்புகிறது. என் வண்டி சாய முடியாது. கையால் முறுக்கித்தான் திருப்ப வேண்டும். அப்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். வேகம் கூடினால் உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். திருப்பத்தின் நடுவில் பிரேக் பிடித்தால் இன்னும் மோசம், எடை முழுவதும் முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரத்தின் மேல் போய் விழும். அதனால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். நம் கேட்டைவிட்டு இடப்பக்கம் திரும்பும்போது நான் ஏன் ஆமை மாதிரி போகிறேன் என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

நான் வாழ்க்கையில் இரு சக்கர வண்டி ஓட்டியதே இல்லை. இரண்டு வயதில் போலியோ வந்தது. அதனால் மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை, ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். இருபது வருடம் பைக் ஓட்டிவிட்டு, விபத்தாலோ சர்க்கரை நோயாலோ கால் போன பிறகு இதற்கு வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். உடம்பு தானாகச் சாயும், வண்டி வராது. காலி மைதானத்தில் நாலைந்து நாள் எட்டுப் போட்டுப் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

இன்னொரு பழக்கம் அதைவிட ஆபத்து. வண்டி நிற்கும்போது காலை ஊன்றுவது. இந்த வண்டிக்குக் கால் ஊன்றத் தேவையே இல்லை. ஊன்றினால், வண்டி இன்னும் ஓரடி நகர்ந்தாலும் பக்கத்துச் சக்கரம் பாதத்தின் மேல் ஏறும். பின்னால் உட்கார்கிறவருக்கும் இதையேதான் சொல்வேன்: நான் சொல்லும்வரை காலைக் கீழே வைக்காதீர்கள். என் மனைவிக்கே இது பழக ஒரு மாதம் ஆனது.

குழிகளைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். இரு சக்கர வண்டிக்குத் தரையில் ஒரே தடம். குழியைப் பார்த்தால் ஒதுங்கிவிடலாம். எனக்கு மூன்று தடம். நடுச் சக்கரத்தைக் காப்பாற்றினால் பக்கத்துச் சக்கரம் விழும். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். வண்டியை ஓட்டும் சக்தி நடுச் சக்கரத்துக்கு மட்டும்தான், பக்கத்துச் சக்கரங்கள் சும்மா உருள்பவை. இரண்டு பக்கமும் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் இருக்கிற இடத்தில் நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கி, சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. நம் கேட்டுக்கு வெளியே கேபிள் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய அந்தக் கோடு நினைவிருக்கிறதா? நவம்பரில் மூன்று முறை அங்கே மாட்டிக்கொண்டேன். மூன்று முறையும் நம் வாட்ச்மேன்தான் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்.

ஸ்பீட் பிரேக்கரை நேராக ஏற வேண்டும், கோணலாக ஏறினால் வண்டி முறுக்கிக்கொள்ளும். நம் வளாகத்துக்குள் போட்டிருக்கும் ரப்பர் ஸ்பீட் பிரேக்கரில் நடுவில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருக்கிறது. கமிட்டி அதைச் சரிசெய்தால் எனக்கு மட்டுமல்ல, கைக்குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் நல்லது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். இந்த வண்டிக்கு ஸ்டாண்டு இல்லை. இணைப்புச் சக்கரம் பொருத்தும்போதே கழற்றிவிட்டார்கள், தேவையும் இல்லை. கியர் இல்லாத வண்டி என்பதால், கியரில் போட்டு நிறுத்தவும் வழியில்லை. ஹேண்ட் பிரேக் என்று சொல்லத்தக்கது பின் பிரேக் லிவரில் இருக்கும் ஒரு சின்ன கிளிப் மட்டும்தான். அது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக் தேய்ந்தால் பிடி தளரும். அதனால்தான் சக்கரத்தின் கீழே ஒரு மரக்கட்டையும் வைக்கிறேன். தண்ணீர் வடிவதற்காக நம் ஸ்டில்ட் தரை வடிகால் பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். அன்று தரை கழுவ வந்தவர் கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அது எதற்கென்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தப்பு என் பேரில்தான். பிரேக்கைப் பார்த்து இறுக்க வேண்டிய நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கார்க் கதவுச் செலவை அன்றே கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு கட்டை வைக்கிறேன், சிவப்புப் பெயின்ட் அடித்து. தயவுசெய்து அவற்றை எடுக்காதீர்கள். வண்டியை நகர்த்த வேண்டுமென்றால் போன் செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவேன்.

லைசென்ஸ் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 'இன்வாலிட் கேரியேஜ்' என்று ஒரு வகை இருந்தது. செல்லாதவன் வண்டி என்று என் நண்பன் மொழிபெயர்த்துச் சிரிப்பான். 2019 திருத்தத்தில் அதை 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள். அந்தச் சொல் மாறியதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், மறைக்கவில்லை. சக்கரம் பொருத்திய மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி ஆர்சியில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். பதிந்திருந்தால் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு கிடைக்கும். இன்ஷூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரிமியத்தில் சலுகையும் கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

"என் பையன் ஒரு ரவுண்டு போய்வரட்டுமா?" என்று அன்போடு கேட்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். சட்டத்தின் வரையறையே, அந்த நபர் ஓட்டுவதற்கோ அவருக்காக ஓட்டுவதற்கோ மட்டும் என்றுதான் சொல்கிறது. அது போக, பைக் பழகிய பையன் முதல் திருப்பத்திலேயே மதிலில் மோதுவான்.

இலவசமாகக் கிடைத்ததா என்றும் சிலர் கேட்டார்கள். நான் சொந்தப் பணத்தில் வாங்கியது. ஆனால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, படிக்கிற அல்லது வேலை பார்க்கிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இந்த ஸ்கூட்டரைக் கொடுக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் குடும்பத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன்.

கடைசியாக இடம். டேப் வைத்து அளந்தேன். என் வண்டியின் அகலம் மூன்றேகால் அடி. ஆனால் எனக்குத் தேவை அது மட்டுமல்ல. வண்டியிலிருந்து இறங்கி இரண்டு ஊன்றுகோலையும் எடுத்து ஊன்றி நிற்க, பக்கத்தில் இன்னொரு மூன்றடி வேண்டும். ரிவர்ஸ் கியர் கிடையாது, இறங்கி நின்று பின்னால் தள்ள என்னால் முடியாது. அதனால் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும் இடம் வேண்டும். பி பிளாக்கில் அப்படி இருப்பது லிஃப்ட்டுக்கு இடப்பக்கத் தூண் ஓரம் ஒன்றுதான். சலுகைக்காக அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வந்து ஒரு நாள் வேறு எந்த இடத்தில் முடியும் என்று காட்டட்டும், நான் மாற்றிக்கொள்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

அந்த மூன்றடி காலியாகத் தெரிவதால் சைக்கிள், பழைய ஷூ ரேக், அட்டைப்பெட்டி எல்லாம் அங்கே வந்துவிடுகின்றன. ஒரு மழை இரவில், பத்தரை மணிக்கு, அங்கே ஒரு ஸ்கூட்டி நின்றிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. இறங்க இடமில்லாமல் முக்கால் மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. ஊரெல்லாம் சுற்றி வந்தவன், வீட்டுக்கு இருபதடி தூரத்தில் மாட்டிக்கொண்டேன். அன்று இதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாடித் தாத்தா வாக்கிங் ஸ்டிக்கோடு மருந்து வாங்கக் கீழே வந்து, என்னைப் பார்த்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

அந்தத் தாத்தா போன வாரம் என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். முழங்கால் முடியவில்லை, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போக இந்த மாதிரி வண்டி தனக்குச் சரிப்படுமா என்று. பிரேக் பிடிக்கக் கை பலம் இருக்கிறதா, கண் பார்வை எப்படி என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள் என்றேன். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு, பின்பக்கக் காலி இடத்தில், வண்டியை நிறுத்தியபடியே அவரை உட்கார வைத்துப் பார்க்கப் போகிறோம். வேறு யாருக்காவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றாலும் வரலாம். கார்களை மட்டும் சனி இரவே அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.