நிறத்திலும் ருசியிலும் தெரியாத தீங்கு
(டிரஸ்ட் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நிறம், ருசி, வாடை மாறாத தண்ணீரில் ஒளுச் செய்யலாம் என்று மதரஸாவில் படித்தோம். இம்மூன்றிலும் தெரியாத ஒன்று கழிவுநீரில் உண்டு: சிறுநீரில் வெளியேறும் ஹார்மோன். கருத்தடை மாத்திரையின் செயற்கை ஹார்மோனும் அதில் சேர்கிறது.

கனடாவில் 2001 முதல் மூன்று ஆண்டுகள், கோடையில் ஓர் ஏரியில் அதைக் கலந்து சோதித்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான். ஆண் மீன்களிடம் பெண் தன்மை வந்தது. ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அற்றுப்போனது.

நகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டி வளர்க்கும் நுண்ணுயிர்கள் இயற்கை ஹார்மோனைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். செயற்கை ஹார்மோன் லேசில் சிதையாது. ஓசோன் வாயுவோ வடிகட்டும் கரியோ வேண்டும். காற்றில்லாத செப்டிக் டேங்கில் இவை நடப்பதில்லை.

சுத்திகரித்த கழிவுநீரில் நிறம், ருசி, வாடை நீங்கினால் அது தூய்மையானதே என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978-இல் ஃபத்வா அளித்தது. உடலுக்குத் தீங்கு இருந்தால் தவிர்ப்பதே நல்லது என்றும் சொன்னது. தூய்மை வேறு, தீங்கின்மை வேறு.

ஆகவே, மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் போடாதீர்கள்; குப்பை வாங்க வருவோரிடம் தனியாகக் கொடுங்கள். செப்டிக் டேங்க் லாரி வாய்க்காலில் கொட்ட விடாதீர்கள். நம் கீழ்வேளூர் வாய்க்கால் தண்ணீர்தான் கீழ்மடைக்காரர் வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. அவர்களுக்குத் தீங்கு செய்யாதிருப்பது நம்மீது கடமை.