தீப்புண்ணும் தோலும்



2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தீயை நாம் மறக்கவியலாது. தோல் வெந்தால் உடலின் நீர் வடிகிறது, கிருமிகள் புகுகின்றன. தீயினின்று மீண்டவரையும் இவ்விரண்டும் மாய்க்கக்கூடும்.

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் அரும்பணி ஆற்றியுள்ளது. மாட்டின் தோல், தசைநார் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்து, மெல்லிய ஏடாக்கினர் அதன் அறிஞர்கள். ஆழமில்லாத தீப்புண்ணைத் தூய்மை செய்து இவ்வேட்டினால் போர்த்தினால் நீரிழப்பும் வலியும் குறைகின்றன. அதன் அடியில் புதுத்தோல் வளர்கிறது. ஆழ்ந்த புண்ணுக்கோ, நோயாளியின் சொந்தத் தோலையே எடுத்து ஒட்டுதல் வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்! மாட்டுத் தோலைத் தொட்டார்கள் என்று கூறி நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். அதே தோலின் சாரம் இன்று சாதி கேளாமல் எவர் புண்ணையும் ஆற்றுகிறது. தோலைப் பதப்படுத்தும் கைத்திறன் அறிந்த நாம் அதன் வேதியியலையும் கற்க வேண்டாமா?

பள்ளியை விட்டுப் பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையையும் மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து வருவோம். மருந்து கலக்கும் அறைக்கன்று, மருந்து காணும் ஆய்வுக்கூடத்திற்கு அவர்களை அனுப்புவோம்.