குடிலுக்கு ஒரு தட்டு நாத்து

டிசம்பர் வந்தாச்சு, அதனால இன்னைக்கு கோடிங் பேச்சு கிடையாது. எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் பத்திப் பேசலாம்.

நான் வளர்ந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் அரையாண்டுப் பரீட்சை லீவு. அவ்வளவுதான். பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், நெல் விவசாயம். மார்கழியில் வாசல் நிறையக் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ.

மனைவி தஞ்சாவூர், கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமான புதுசில் டிசம்பர் 24 ராத்திரி பூசைக்கு அவளோடு போவேன், கடைசி வரிசையில் நிற்பேன், மறுநாள் மாமனார் வீட்டில் பிரியாணி. விருந்தாளி வேஷம், சுலபம். பொண்ணு பிறந்த பிறகு அது ஓடவில்லை. பிள்ளைக்குச் சொந்தப் பண்டிகை, அப்பா மட்டும் விருந்தாளியா?

இன்னொரு பக்கம் எங்க அம்மா. பேத்தி பிறந்தப்பவே ஒரு தடவைதான் கேட்டாங்க: "இது நம்மள விட்டுப் போயிடுமாடா?" எனக்குப் பதில் தெரியலை. அதுக்கப்புறம் அம்மா டிசம்பர்ல எங்க வீட்டுக்கு வர்றதே இல்லை. உழவு, களைன்னு ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

முதல் வருஷம் நான் செய்தது அப்பட்டமான காப்பி பேஸ்ட். ஆன்லைனில் பிளாஸ்டிக் மரம், மேலே பஞ்சில் பனி. மனைவி பார்த்துட்டு, "தஞ்சாவூர்ப் பனியில சளிதான் பிடிக்கும், இது எந்த ஊருப் பனி?"ன்னு கேட்டா. பொண்ணு மரத்தை விட்டுட்டு அட்டைப்பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு.

அப்புறம் கொஞ்சம் படிச்சேன். குடில் வைக்கிற பழக்கத்தைப் பரப்பினவர் அசிசி பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியில் கிரெச்சோங்கிற மலைக் கிராமத்தில், நிஜ வைக்கோல், நிஜ மாடு, கழுதை வெச்சுக் காட்டினார். அதாவது, கையில என்ன இருந்ததோ அதை வெச்சார். நம்ம தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரும் அப்படித்தானே? பெத்லகேமைப் பாட நம்மூர்க் குறவஞ்சியைத்தான் எடுத்தார். எங்க கையில என்ன இருக்கு? நெல்லு.

மனைவி சொன்னா, அவங்க பாட்டி குடிலைச் சுத்திப் பசேல்னு வைக்கிறதுக்காகத் தட்டில் நெல், கேழ்வரகு முளைக்க வைப்பாங்களாம். நிறைய வீட்டில் இருக்கிற வழக்கம்தான். அம்மா வீட்டோட அது நின்னு போச்சு. சரி, நான் விவசாயி மகன், இதைக்கூடச் செய்ய மாட்டேனான்னு டிசம்பர் 20-ம் தேதி ஒரு தட்டு மண்ணில் நெல்லைத் தூவினேன். 24-ம் தேதி வரைக்கும் மண்ணுதான் இருந்துச்சு. பி.இ. படிச்சவன்!

வேற வழியில்லாம அம்மாவுக்குப் போன் போட்டேன். எதுக்குன்னு சொல்லலை, சொல்லாமலே புரிஞ்சிருக்கணும்.

"ஊறப் போட்டியா?"

"இல்ல."

"ஒரு நாள் ஊறணும். தண்ணிய வடிச்சு, ஈரச் சாக்குல சுத்தி இன்னொரு நாள் இருட்டுல வைக்கணும். வெள்ளையா முளை எட்டிப் பார்த்தப்புறம்தான் விதைக்கணும். நாலு நாள்ல நாத்து வேணுமாம், நாத்து!"

ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா சிரிச்சுக் கேட்டேன்.

அடுத்த வருஷம் டிசம்பர் 10-ம் தேதி காலையில காலிங்பெல். வாசல்ல அம்மா, கையில மஞ்சப்பை. சம்பாவுக்கு விட்டது போக மிச்சமிருந்த விதை நெல், ஏற்கெனவே முளை கட்டினது. "இத மட்டும் தெளிச்சுட்டுப் போறேன்"னாங்க. 26-ம் தேதி வரைக்கும் இருந்தாங்க. பூசைக்கு வரலை, நாங்களும் கூப்பிடலை. காலையில வாசல்ல கோலம் போட்டாங்க, மேலே காகித ஸ்டார் தொங்கிட்டு இருந்துச்சு. நாலு விரல் உயரத்துக்கு நாத்து. பொண்ணு குழந்தை இயேசு பொம்மையை அதுக்குள்ள படுக்க வெச்சுட்டு, "அப்பாயி, குளிருமா?"ன்னு கேட்டா.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வைக்கோல் போடு, குளிராது"ன்னாங்க.

அந்தப் பழைய கேள்விக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்லை. பிள்ளை பெருசாகி எதைப் பிடிச்சுக்கும்னு யாருக்குத் தெரியும். ஆனா எங்க வீட்டு வழக்கம் இப்போ இதுதான்: 10-ம் தேதி அப்பாயி வருவாங்க.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் தட்டையும் தூக்கிட்டுப் போய்க் கொல்லையில் நட்டாங்க. பொண்ணு வாராவாரம் போன்ல விசாரிச்சா. கதிர் வந்துச்சாம். கோழி தின்னுடுச்சாம்.

இந்த வருஷம் ரெண்டு தட்டு.