காலைச் சத்தம்

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் சீசன். விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று காரை ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதில்தான் கோளாறின் அடையாளம் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் அடியில் இறங்கியிருக்கும். பம்ப் அதை மேலே ஏற்றும்வரை டேப்பட்டும் டைமிங் செயினும் தட்டும். ஓரிரு விநாடியில் நின்றால் பெரும்பாலும் பயமில்லை. தினமும் அதற்கு மேல் நீடித்தால் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் கரகரத்தால் செயின் டென்ஷனரைச் சோதிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. சில நிமிடங்கள் மந்தமாக டொக் டொக்கென்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. கீச்சென்ற சத்தமா? பெல்ட்டில் பனி ஈரம்.

நம்ம ஊரில் ஏது குளிர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மார்கழியிலும் இங்கே 20 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். ஆனால் எஞ்சின் ஓடும் சூடு சுமார் 90 டிகிரி. 70 டிகிரி குறைவு என்றால் அதற்குக் குளிர்தானே! கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்பார்கள். கெட்டி ஆயில் மேலே ஏற இன்னும் நேரமெடுக்கும், தேய்மானம்தான் கூடும். கார் கையேட்டில் சொன்ன கிரேடு போதும். மெக்கானிக்கிடம் காட்டுவதானால் முந்தின இரவே வண்டியை விட்டுவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போனால் சூடான எஞ்சினில் அவருக்கு எதுவும் கேட்காது.