சாவி என்னிடம் இருந்தது

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஓய்வுபெற்ற நூலகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலகரை மேடைக்குக் கூப்பிடுவது அபூர்வம். முப்பத்துமூன்று வருஷம் "சத்தம் போடாதே" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய கணக்கைத் தீர்ப்பேனோ என்று சிலர் பயப்படலாம். அபராதப் பாக்கிப் பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை, தைரியமாக உட்காருங்கள்.

ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. அது என்னுடைய பாக்கி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1976-இல் நான் இங்கே சேர்ந்தபோது பி.யூ.சி. வகுப்பு இருந்த காலம். நூலகம் பழைய கட்டடத்தின் மாடியில். உள்ளே நீளமாக ஒரு மர கவுண்டர். அதற்கு அந்தப் பக்கம் புத்தகம், இந்தப் பக்கம் மாணவர். நடுவில் நான். மாணவர் அட்டைப் பெட்டியைத் திறந்து, ஐந்துக்கு மூன்று அங்குல அட்டையைத் தேடி, எண்ணைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அட்டெண்டர் உள்ளே போய், இருந்தால் எடுத்து வருவார். பாதி நேரம் "இல்லை" என்பார். இல்லையா, தேடவில்லையா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

தமிழிலக்கியம் எங்கே என்று கேட்டால் 894.811 என்று சொல்வேன். தமிழ்நாட்டுப் பிள்ளை தன் தாய்மொழி இலக்கியத்தைத் தேட ஏன் 894-க்குப் போக வேண்டும் என்று ஒரு தமிழ் எம்.ஏ. மாணவி என்னிடம் சண்டை போட்டிருக்கிறார். டியூயி என்ற அமெரிக்கர் 1876-இல் போட்ட கணக்கு அம்மா, அவர் நம்மைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் என்றேன். அவரும் இன்று வந்திருக்கிறார், முன் வரிசையில் சிரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த அடுத்த ஆண்டே இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. பதினோரு புத்தகம் காணவில்லை. விலை போட்டு என் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள். கல்யாணமான புதிது. அந்த மாதச் சம்பளக் கவர் எவ்வளவு லேசாக இருந்தது என்பது இன்னும் கைக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நான் ஒரு முடிவெடுத்தேன். விலை உயர்ந்த புத்தகங்களையெல்லாம் ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம். தொட என் அனுமதி வேண்டும். வீட்டுக்குக் கிடையாது. சாவி என் இடுப்பில்.

1981. வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர். பெயர் வேண்டாம். ஊர், கடைசி பஸ் 5.10-க்குப் போய்விடும் ஊர். வகுப்பு காலை பத்திலிருந்து நான்கு. நூலகமும் பத்திலிருந்து ஐந்து. அவருக்குக் கிடைப்பது நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம், அதிலும் கடைசி இருபது நிமிஷம் மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும். அவருக்கு வேண்டியது ஃபினார் எழுதிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம். கல்லூரியில் ஒரே பிரதி. தினமும் வருவார், கேட்பார், எடுத்துக் கொடுப்பேன், நின்றுகொண்டே நோட்டில் எழுதுவார். ஊரில் அப்போது ஜெராக்ஸ் மெஷின் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "சார், திங்கட்கிழமை காலையில முதல் ஆளா கொண்டாந்து குடுத்துடறேன் சார்" என்று கேட்டார். சட்டம் சொன்னேன். "ரெஃபரன்ஸ் புத்தகம், வெளியே தரமாட்டோம்." அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் புத்தகத்தைப் புரட்டியபோது டெர்பீன்கள் பற்றிய பகுதியில் தாள்கள் இல்லை. பிளேடு வைத்து, நூலோரமாக, அவ்வளவு சுத்தமாக அறுத்திருந்தது. பார்வைக்கு எடுத்தவர் பதிவேட்டில் அந்த மாதம் முழுக்க ஒரே கையெழுத்து. கூப்பிட்டேன். மறுக்கவில்லை. மறுநாளே தாள்களை ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மடிப்பு இல்லை, ஒரு மை சொட்டு இல்லை. ஆனால் நான் அதற்குள் முதல்வருக்கு எழுதியாகிவிட்டது. புத்தக விலைபோல இரண்டு மடங்கு அபராதம், கட்டும்வரை ஹால் டிக்கெட் கிடையாது என்று உத்தரவு. கட்டினார். எப்படிக் கட்டினார் என்று நான் கேட்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் போனவர் இதுவரை எந்தச் சந்திப்புக்கும் வந்ததில்லை.

இன்று காலை நான் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். பைண்டர் மைதாப் பசை போட்டு ஒட்டிய தாள்கள் பழுத்துப் போய் இருக்கின்றன. அதே பீரோ. பூட்டு மட்டும் புதிது.

நூலகத் துறையில் எங்களுக்கெல்லாம் குரு சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக்கியது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை, திரும்ப வகுப்புக்கே போய்விடத் துடித்தார். லண்டனுக்குப் படிக்கப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. 1931-இல் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகள் உலகம் முழுக்கப் பாடம். முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு என்பதுதான். அந்த விதியை விளக்க அவர் எங்கே தொடங்குகிறார் தெரியுமா? இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்த கதையிலிருந்து. நானும் அதைப் பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியவன்தான். படித்துவிட்டு வந்து சங்கிலிக்குப் பதில் பீரோ வாங்கினேன்.

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைந்த புத்தகத்துக்கு நூலகர் பணம் கட்ட வேண்டும் என்றால் எந்த நூலகர் அலமாரியைத் திறப்பார்? மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2005-இல் வந்ததிலும் சரி, 2017-இல் வந்ததிலும் சரி, தெளிவாகச் சொல்கின்றன: ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு, நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாத வரையில். இருபதாயிரம் முறை கைமாறினால் நூறு புத்தகம். கூர்ந்து பாருங்கள், அலமாரியில் உள்ள புத்தகத்துக்குக் கணக்கில்லை, கைமாறிய புத்தகத்துக்குத்தான் கணக்கு. எவ்வளவு அதிகம் கொடுக்கிறாயோ அவ்வளவு இழப்பு உனக்கு மன்னிக்கப்படும். நம்முடையது மாநிலக் கல்லூரி, அந்த விதி அப்படியே நம்மைக் கட்டாது. ஆனாலும் முதல்வர் அவர்கள் இதை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் இப்போதுள்ள நூலகர் நிம்மதியாகப் பூட்டைக் கழற்றுவார். அவர் என் மாணவி. கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, இனி உங்களுக்குக் கொஞ்சம். "இப்ப எல்லாம் போன்லயே இருக்கு சார், லைப்ரரி எதுக்கு?" என்று வாசலில் ஒரு பையன் கேட்டார். நல்ல கேள்வி. போனில் இருப்பதில் நல்லதற்குப் பெரும்பாலும் பூட்டு உண்டு. ஆய்விதழ் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அந்தப் பூட்டுக்கு அரசே பணம் கட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. நுழையும் வழியை நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். நேற்று வேதியியல் வகுப்பில் கேட்டேன், எத்தனை பேர் வாங்கியிருக்கிறீர்கள் என்று. ஒரு கை உயர்ந்தது. அதுவும் ஜன்னலைச் சாத்த எழுந்த கை.

எம்.ஏ., எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்கிறவர்கள் 'சோத்கங்கா' பக்கம் போங்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாக இருக்கின்றன. காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகமும் இலவசம். தமிழ் வழியில் படிக்கிறவர்களே, 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென்று தமிழில் போட்ட அறிவியல், வரலாறு, பொருளாதாரப் புத்தகங்கள் பல இன்று மின்வடிவில் கிடைக்கின்றன. அச்சுப் பிரதிகள் நம் மாடியில் மூன்றாவது வரிசையில் தூசியோடு இருக்கின்றன. பாடத்திட்டம் மாறியிருக்கலாம், ஆனால் விளக்கும் தமிழ் இன்னும் பழசாகவில்லை.

இன்னொன்று. "சொந்தப் புத்தகம் உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று நம் வாசலில் ஒரு பலகை இருக்கிறதே, அதை எழுதி மாட்டியவனும் நான்தான். சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வெளிச்சம். வீட்டில் அது இல்லாதவர்கள்தான் நம் பிள்ளைகளில் பாதிப் பேர். அந்தப் பலகையை நானே கழற்ற அனுமதி கேட்டிருக்கிறேன்.

இனி என் பழைய மாணவர்களுக்கு. இந்த ஆண்டு சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதாகப் பேச்சு. வளைவு அழகுதான், பெயர் பொறிக்கலாம், போட்டோ எடுக்கலாம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. நூலகம் மாலை ஏழரை வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு மாணவர்களைப் பகுதிநேர உதவியாளராக வைத்து, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும், படிக்கிற பிள்ளைக்கும் கைச்செலவுக்கு ஆகும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு அதுவும் உதவாது. அவர்களுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் முக்கியப் புத்தகம் பத்துப் பத்துப் பிரதி, வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுக்கிற ஏற்பாடு. என்ன வாங்குவது என்பதைத் துறைத் தலைவர்களும் மாணவர்களும் சேர்ந்து சொல்லட்டும். தயவுசெய்து உங்கள் வீட்டில் இடம் அடைக்கிற பழைய நோட்ஸையும் வாரப் பத்திரிகைக் கட்டையும் நன்கொடை என்று அனுப்பாதீர்கள். அவற்றை எடைக்குப் போடுவதற்கே எங்களுக்கு மூன்று கையெழுத்து வேண்டும்.

உங்கள் அலமாரியில் நம் கல்லூரி முத்திரை போட்ட புத்தகம் இருந்தால் அதை மட்டும் கொண்டுவாருங்கள். எப்படி வந்தது என்று கேட்கமாட்டோம். அந்தப் பதினோரு புத்தகத்தின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆவலுக்காகக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

1981-ஆம் ஆண்டு வேதியியல் வகுப்பு நண்பர்கள் நாலைந்து பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் முகவரியோ போன் நம்பரோ யாரிடமாவது இருந்தால் உரை முடிந்ததும் எனக்குக் கொடுங்கள். இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதியை என் கையால் அவருக்கு அனுப்ப வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு நான் மாடியில் நூலகத்தில் இருப்பேன். ஸ்குரூ டிரைவர் கொண்டுவருகிறேன். உயரம் எட்டாது, யாராவது ஒரு தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வந்தால் நல்லது.