முதல் ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

(காஞ்சிபுரம் மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம்ம காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த அண்ணா 1969-ல் புற்றுநோயால்தான் இறந்தார். இன்றைக்கு மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வாலிபப் பிள்ளைகளுக்கு வரும் விதைப்பைப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் என்ற நெறிகட்டும் புற்றுநோய் இரண்டும் பெரும்பாலும் குணமாகிவிடும். பிழைத்து வரும் பிள்ளைக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் வேண்டாமா? அதைத்தான் பேச வந்தேன்.

வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வதுதான் கீமோ மருந்தின் வேலை. விந்தணுவை உண்டாக்கும் செல்லும் அப்படிப் பெருகுவதுதான். அதனால் அதுவும் அடிபடும். அடிவயிற்றில் கரண்டு வைத்தாலும் பாதிக்கலாம். சிலருக்குச் சில வருஷத்தில் தானாகச் சரியாகும். சிலருக்கு ஆகாது.

இதற்கு வழி இருக்கு. சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை எடுத்து வங்கியில் வைக்கலாம். மைனஸ் 196 டிகிரி குளிரில் பல வருஷம் கெடாது. வயசுக்கு வந்த பையன் என்றால் சில நாளில் முடிகிற வேலை. தள்ளிப்போட முடியாத நோய் என்றால் உயிர்தான் முதல்.

பெற்ற தாய்க்கு இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேக்கணும். "டாக்டர், இந்த மருந்தால் இவனுக்குக் குழந்தை பிறப்பது பாதிக்குமா? முன்னாடியே விந்தணு சேமிக்கலாமா? எவ்வளவு செலவாகும்?" நீங்க கேக்க முடியலைன்னா அப்பாவையோ மாமனையோ கேக்கச் சொல்லுங்க. பையனிடம் டாக்டர் தனியாகப் பேசட்டும்.

சிகிச்சை முடிந்ததும் உடனே குழந்தைக்கு முயற்சி செய்யக் கூடாது. எவ்வளவு நாள் பொறுக்கணும் என்று டாக்டர் சொல்வார். பிறகு விந்துப் பரிசோதனை செய்து பார்க்கலாம். எப்போதும் சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்றால் ஹார்மோன் குறைந்திருக்கலாம்; அதற்கும் மருந்து உண்டு. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012-ல் கீமோ எடுத்தவர். 2022-ல் தகப்பனானார்.

கடைசியாக ஒன்று. குழந்தை இல்லையென்றால் மருமகளைத்தான் கோயில் கோயிலாக அலைய விடுகிறோம். மகனுக்குச் சின்ன வயசில் கீமோ போட்டதை வெளியே சொல்வதில்லை. பொண்ணு வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டால் அந்தப் பெண் மேல் வீண்பழி விழாது. மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் தண்டனை அனுபவிப்பது அவள்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைக் கூச்சப்படாமல் பேசுங்கள்.