வேகமும் தாமதமும்

தொலைவிலுள்ள கணினியில் இயங்கும் விளையாட்டை இணையத்தின் வழியே நம் வீட்டுத் திரையில் ஆடுவதே மேகக்கணினி விளையாட்டு. கிரானில் ஒரு மாணவன் பொத்தானை அழுத்தினால், அக்கட்டளை கடல் கடந்து சென்று படமாகத் திரும்ப வேண்டும். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். சுமார் 2,500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்குப் போய்வர 25 மில்லிவினாடியேனும் ஆகும். அதனை எவராலும் குறைக்க இயலாது.

ஆயினும், படம் தடைப்படுவதற்குக் காரணம் பல வேளைகளில் வீட்டினுள்ளேயே இருக்கும். ரவுட்டரிலிருந்து நேரே கம்பி பொருத்திச் சோதியுங்கள். தடை நீங்கினால் பழுது வைஃபையில். நீங்காவிடின், வீட்டார் பிறர் செய்யும் பதிவிறக்கங்களை நிறுத்திப் பாருங்கள். பின்னும் தொடர்ந்தால் சேவை நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சோதியாமல் கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். வயலிலும் வாவியிலும் உழைத்துச் சேர்த்த பணமல்லவா? வேகம் வேறு, தாமதம் வேறு. வீதியை அகலமாக்கினால் ஊர் அருகில் வந்துவிடாது.